குழந்தை உறங்கிய பின்னும் தாய்க்கு உறக்கம் வராவிட்டால் அக்குபிரஷர் உதவுமா?

கேள்வி: மலேசியாவின் செபராங் ஜெயாவிலிருந்து ஒரு வாசகி, 6 மே 2025, அதிகாலை 4.10

எனக்கு முதல் குழந்தை பிறந்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. பகலில் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது. இரவில் குழந்தை பால் குடித்து உறங்கிய பிறகும் எனக்குக் கண் மூடுவதில்லை. தாய்ப்பால் கொடுப்பதால் மாத்திரை எதுவும் வேண்டாம் என்று இருக்கிறேன். மணிக்கட்டில் ஓர் இடத்தை அழுத்தினால் தூக்கம் வரும் என்றும், இயற்கை முறை என்பதால் அதில் கெடுதல் இராது என்றும் என் நாத்தனார் சொல்கிறார். யாராவது செய்து பார்த்ததுண்டா?

பதில்: 6 மே 2025, இரவு 9.50

செய்து பார்த்தேன், உதவியது. என் இரண்டாவது மகள் இவ்வாண்டு பொங்கலன்று பிறந்தாள். பன்னிரண்டாம் நாள், எங்கள் அடுக்குமாடியில் எதிர் வீட்டில் இருக்கும் சீனப் பாட்டி, இஞ்சியும் நல்லெண்ணெயும் சேர்த்துச் சமைத்த கோழியோடு வந்தார். என் முகத்தைப் பார்த்தவர், ஒன்றும் கேட்காமல் கையைப் பிடித்து மணிக்கட்டை அழுத்தத் தொடங்கிவிட்டார். பக்கத்தில் இருந்த என் மாமியார் அதைப் பார்த்துப் பழகிக்கொண்டார். அன்றிலிருந்து நாற்பதாவது நாள் வரை ஒன்பது மணிப் பாலுக்குப் பிறகு அவர் அழுத்துவார். கால் மணி நேரத்தில் நான் உறங்கிவிடுவேன்.

உள்ளங்கை மேலே தெரியும்படி கையைத் திருப்பிக்கொள்ளுங்கள். மணிக்கட்டு மடிகிற கோட்டில், பெருவிரல் பக்கமாக, நாடி பார்க்கும் இடத்தில் பெருவிரலை வைத்து, வலிக்காமல், உள்ளே மந்தமான ஒரு கடுப்பு தெரியும் அளவுக்கு இரண்டு நிமிடம் அழுத்த வேண்டும். பிறகு மறு கையில் அதே இரண்டு நிமிடம். சீன மருத்துவத்தில் இதற்கு ஷென்மென் என்று பெயர். ஆவியின் வாயில் என்று பொருள் சொல்வார்கள். காசு செலவில்லை, மருந்தில்லை.

7 மே 2025, காலை 7.15

நேற்று நான் எழுதிய இடம் தவறு. பிசியோதெரபி படித்த வாசகர் ஒருவர் இரவே சுட்டிக்காட்டியிருந்தார். நான் நம்பாமல், விடிந்ததும் எதிர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டேன். பாட்டி என் கையை வாங்கி, நான் காட்டிய இடத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எதிர்ப் பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

ஷென்மென் இருப்பது சுண்டுவிரல் பக்கம். மணிக்கட்டுக் கோட்டின் வழியே சுண்டுவிரலை நோக்கி விரலை நகர்த்திக்கொண்டு போனால், உள்ளங்கையின் அடியில் பட்டாணி போன்ற சிறிய எலும்பு ஒன்று தட்டுப்படும். அங்கே வந்து சேரும் தசைநாருக்கு உட்புறமாக ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. அதுதான் அந்த இடம். என் மாமியாரின் தகப்பனார் தோட்டத்தில் கைநாடி பார்த்தவர் என்பதால், மணிக்கட்டு என்றாலே அவருக்கு நாடி பார்க்கும் பக்கம்தான் நினைவில் நின்றிருக்கிறது. பாட்டி காட்டியது ஓரிடம், மாமியார் பழகியது வேறிடம், நான் ஊருக்கெல்லாம் எழுதியதும் அந்த வேறிடமே.

7 மே 2025, இரவு 11.05

காலையில் திருத்தத்தை எழுதிய அவசரத்தில் ஒன்றை யோசிக்கவில்லை. அப்படியானால் நான் நான்கு வாரம் தவறான இடத்தை அழுத்திக்கொண்டு நன்றாக உறங்கியிருக்கிறேன்.

8 மே 2025, பிற்பகல் 1.20

நாடிப் பக்கமும் ஒரு புள்ளிதான், சீன மருத்துவம் நுரையீரல் நாளம் என்று சொல்லும் பாதையின் ஒன்பதாவது புள்ளியான தாய்யுவான் அங்கே இருக்கிறது, ஆகவே மாமியார் தவறிப்போகவில்லை என்று ஒரு வாசகர் ஆறுதல் சொல்லியிருக்கிறார். நன்றி. ஆனால் 2008-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் மேற்குப் பசிபிக் மண்டல அலுவலகம் அக்குபங்சர் புள்ளிகளின் இருப்பிடத்துக்காக வெளியிட்ட தர அளவீட்டில் உடம்பு முழுவதும் 361 புள்ளிகள் இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு எங்கே விரலை வைத்தாலும் ஏதாவது ஒரு புள்ளிக்குப் பக்கத்தில்தான் இருப்போம். அதை வைத்து, அழுத்திய இடம் சரி என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

9 மே 2025, இரவு 10.30

சரியான இடத்தை இரண்டு இரவாக அழுத்திப் பார்த்தேன். நேர்மையாகச் சொல்வதானால் ஒன்றும் நடக்கவில்லை. பள்ளத்தைத் தேடுவதிலேயே விழிப்பு வந்துவிடுகிறது. இதுதானா, இன்னும் சற்று உள்ளேயா, கடுப்பு தெரிகிறதா இல்லையா என்று சோதித்துக்கொண்டே மணி பன்னிரண்டாகிவிடுகிறது.

மாமியார் ஊருக்குப் போன பிறகு இதைத் தனியாகச் செய்வது இது முதல் முறையன்று. நாற்பதாம் நாள் சடங்கு முடிந்து அவர் சுங்கை பட்டாணிக்குத் திரும்பிய மறு இரவே, அவர் செய்ததைப் போலவே, அதே தவறான பக்கத்தில், அதே ஒன்பது மணிக்கு நானே என் கையை அழுத்திக்கொண்டு படுத்தேன். உறக்கம் வரவில்லை. ஒரு வாரம் முயன்றுவிட்டு விட்டுவிட்டேன். முதல் குறிப்பில் இதை ஏன் எழுதாமல் போனேன் என்று தெரியவில்லை; நல்ல செய்தியை மட்டும் சொல்ல விரும்பினேன் போலிருக்கிறது.

ஆகவே அந்த நான்கு வாரத்தில் என்ன நடந்தது என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். என் கணவருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர இரவு ஷிப்ட். சட்டப்படி தகப்பனுக்குக் கிடைக்கும் ஏழு நாள் விடுப்பு, குழந்தைக்கு மஞ்சள் காமாலை பார்க்க ஓடுவதிலேயே தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு இரவில் வீட்டில் இருந்த பெரியவர்கள் நானும் மாமியாரும் மட்டுமே. ஒன்பது மணிக்கு அவர் என் கட்டிலுக்கும் ஸ்பிரிங் தொட்டிலுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். வலது காலின் பெருவிரலைத் தொட்டில் சேலையின் ஓரத்தில் மாட்டி ஆட்டிக்கொண்டே, என் இடது கையைத் தம் மடியில் வைத்து அழுத்துவார். கையில் வேப்பெண்ணெயும் பூண்டும் கலந்த மணம் வரும். "நீ தூங்கும்மா, பிள்ளை அழுதா நான் பாத்துக்கறேன்" என்று ஒருமுறை சொல்வார்; அதற்கு மேல் பேச மாட்டார்.

எனக்குத் திருமணமாகி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் அவர் என் கையைப் பிடித்தது தாலி கட்டிய அன்று ஒருமுறைதான் என்று நினைக்கிறேன்.

மணிக்கட்டைப் பிடித்த கையைவிடத் தொட்டிலை ஆட்டிய காலுக்கே அதிகப் பங்கு இருந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. நானே என் கையை அழுத்திக்கொண்டபோது, தொட்டிலை ஆட்டும் பொறுப்பும் என்னுடையதாகவே இருந்தது. அடுத்த அழுகைக்குக் காது திறந்தே இருக்கும்போது, எந்த வாயிலை அழுத்தி என்ன?

11 மே 2025, காலை 10.00

"அப்படியென்றால் அக்குபிரஷர் வெறும் மன நம்பிக்கை என்கிறீர்களா?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டிருக்கிறார்கள். அப்படிச் சொல்லவில்லை. பலவகை நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளில், அழுத்தம் பெற்றவர்கள் உறக்கம் மேம்பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சிறு எண்ணிக்கையினரை வைத்து நடந்தவை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மருந்தைச் சோதிக்கும்போது ஒரு பிரிவினருக்குச் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து, யாருக்கு எது என்று தெரியாமல் மறைத்துவிடலாம். அழுத்துவதில் அந்த வசதி இல்லை. பொய்ப் புள்ளியை அழுத்தினாலும், ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் உங்கள் கையைப் பிடித்திருப்பது பொய்யாகிவிடாது. என் மாமியார் அறியாமல் நடத்தியது அப்படிப்பட்ட ஒரு பொய்ப் புள்ளிச் சோதனைதான்; கலந்துகொண்டவர் ஒரே ஒருவர் என்பதுதான் குறை.

இவ்வாய்வுகளில் பலவும் பிட்ஸ்பர்க் உறக்கத் தர அளவீட்டைப் பயன்படுத்துகின்றன. 1989-இல் வெளிவந்த அதில் மதிப்பெண் 0 முதல் 21 வரை போகும்; 5-ஐத் தாண்டினால் உறக்கம் சரியில்லை என்று பொருள். ஐந்து வாரக் குழந்தை இருக்கும் வீட்டில் 5-ஐத் தாண்டாத தாயை நான் பார்க்க ஆசைப்படுகிறேன். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலுக்கு எழும் சிசுவுக்கு இரவு பகல் என்ற வேறுபாடு பிடிபடவே இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை தாயின் உறக்கம் துண்டு துண்டாகத்தான் இருக்கும். எந்தப் புள்ளியும் அதை ஒட்டவைக்காது. புள்ளியால் ஏதாவது ஆகும் என்றால், கிடைக்கிற துண்டுக்குள் விரைவாக நுழைய அது உதவலாம். அவ்வளவுக்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

12 மே 2025, இரவு 11.40

சற்று முன் கீழே எழுதியிருக்கும் சகோதரி இதை உடனே படிக்க வேண்டும். கணுக்காலுக்கு மேலே இருக்கும் சன்யின்ஜியாவ் புள்ளியை அழுத்திவருவதாகவும், இரண்டு நாளாக இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பதாகவும், வீக்கம் வடிய இன்னும் பலமாக அழுத்தலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அழுத்தாதீர்கள், எண்ணெய் போட்டு உருவவும் வேண்டாம். பிள்ளை பெற்ற முதல் ஆறு வாரத்தில் காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைவதற்கான வாய்ப்பு கூடுதலாக இருக்கிறது. அறுவைப் பிரசவம் என்றால் இன்னும் கூடுதல். உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது அதன் அடையாளமாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல் இப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் 999-ஐ அழையுங்கள்.

13 மே 2025, மாலை 6.30

அவர் போய்வந்துவிட்டார். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் கட்டி இல்லை, தசைப்பிடிப்புதான் என்று அனுப்பிவிட்டார்களாம். நள்ளிரவில் கணவரை எழுப்பி, அழும் பிள்ளையோடு பாலத்தைக் கடந்து, நான்கு மணி நேரம் காத்திருந்ததற்கு என்மேல் கொஞ்சம் வருத்தம் தெரிகிறது. அந்த வருத்தத்தை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன்.

இந்தச் சன்யின்ஜியாவைப் பற்றி இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். உள்கணுக்கால் எலும்பின் உச்சியிலிருந்து நான்கு விரல் உயரத்தில், முன்கால் எலும்பின் பின்விளிம்பை ஒட்டி அது இருக்கிறது. நான்கு விரல் என்பது அழுத்தப்படுபவரின் நான்கு விரல். என் கணவர் தம் விரல்களை வைத்து அளந்து, கிட்டத்தட்ட முழங்கால்வரை போய்விட்டார். அடுத்தது, கருவுற்றிருக்கும் பெண்களுக்கு இதையும், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ள ஹேகு புள்ளியையும் அழுத்தக் கூடாது என்பது சீன மரபு. முதலில் கேள்வி கேட்ட சகோதரி, நாத்தனார் உங்களுக்குச் செய்த அதே கையோடு, வீட்டில் கர்ப்பமாக இருக்கும் இன்னொருத்திக்கும் செய்துவிடப் போகிறார். "இயற்கை முறை, கெடுதல் இராது" என்ற பேச்சு எனக்கு உறுத்துவது இதனால்தான். கெடுதல் செய்யவே முடியாத ஒன்று நன்மையை மட்டும் எப்படிச் செய்யும்?

14 மே 2025, இரவு 9.15

கோலாலம்பூரிலிருந்து ஒரு பெரியவர், இது நம்முடைய வர்மக் கலைதான், சீனர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று நீண்ட மடல் எழுதியிருக்கிறார். ஐயா, யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்ற வழக்கில் நான் நுழையவில்லை. சித்த மரபில் வர்மம் 108. அவற்றில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. படுவர்மத்தில் அடிபட்டால் உயிருக்கே கேடு என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். அடியால் வந்த கேட்டுக்கு இளக்குமுறை செய்வதும் ஆசானிடம் பல ஆண்டுகள் இருந்து கற்க வேண்டியது. அதைக் கைப்பேசியில் படம் பார்த்து, பச்சை உடம்புக்காரியின் கழுத்தில் பழக வேண்டாம் என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

பயிற்சி பெற்ற கை வேண்டும் என்பவர்களுக்கு இங்கே வழி இல்லாமலில்லை. கோலாலம்பூரில் இருப்பவர்களுக்குப் பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் நடத்தும் மசாஜ் நிலையங்கள் தெரிந்திருக்கும். பிள்ளை பெற்றவர் என்பதையும் பிரசவம் எப்படி நடந்தது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பினாங்கில் கெப்பாலா பத்தாஸ் அரசு மருத்துவமனையில் 2007-இலேயே பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கினார்கள். நாட்டின் அரசு மருத்துவமனைகளில் அதுதான் முதலாவது. அங்கே பிரசவத்துக்குப் பிந்திய மலாய் முறைப் பராமரிப்பும் உண்டு: உடம்பு பிடித்துவிடுதல், துங்கு எனப்படும் சூட்டு ஒற்றடம், வயிற்றைச் சுற்றிக் கட்டும் பெங்கோங். தனியாரிடம் போவதானால், 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவரா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

நான் கேட்கவில்லை. மார்ச் மாதம் ஒரு கடைத்தொகுதியில் இருந்த அழகு நிலையத்தில், பத்து முறை அழுத்துவதற்கும் காந்தம் பதித்த ஒரு வளையலுக்கும் சேர்த்து 380 வெள்ளி (ரிங்கிட்) கட்டினேன். மூன்று முறைதான் போக முடிந்தது. மூன்று முறையும் அந்தப் பெண் என் காலை அழுத்திக்கொண்டே, அடுத்த தொகுப்பை வாங்கினால் வரும் விலைக் கழிவைப் பற்றிப் பேசினாள். வளையல் இப்போது மூத்தவளின் விளையாட்டுச் சாமான் பெட்டியில் இருக்கிறது.

17 மே 2025, அதிகாலை 5.00

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். முதல் குறிப்பில் நான் சொன்னதில் பொய் இல்லை. பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மாமியார் அழுத்தியதும் ஒன்பதே காலுக்கு உறங்கிவிடுவேன் என்றேன். அந்த உறக்கம் இரண்டு மணிப் பால்வரைதான். இரண்டரை மணிக்குக் குழந்தை மறுபடி உறங்கிவிடும், மாமியாரும் உறங்கிவிடுவார். நான் விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். எல்லாத் தாய்மாருக்கும் இப்படித்தான் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

தைப்பூசத்துக்கு முதல் நாள், பிப்ரவரி 10, முருகனின் வெள்ளி இரதம் எங்கள் தெரு வழியாகத் தண்ணீர்மலைக்குப் போயிற்று. தீட்டு என்பதால் கீழே இறங்காமல் சன்னல் ஓரம் நின்றேன். சாலையோரம் மலைபோல் குவித்திருந்த தேங்காய்களை ஆளாளுக்கு எடுத்து அடிக்கிறார்கள். சன்னல் கண்ணாடி அதிர்கிறது. நாதஸ்வரமும் ஒலிபெருக்கியும் ஒரு பக்கம். திரும்பிப் பார்த்தால், இருபத்தேழு நாள் குழந்தை தொட்டிலில் வாயைத் திறந்தபடி அயர்ந்து தூங்குகிறாள். நானோ இரண்டு மணியிலிருந்து விழித்திருக்கிறேன். தேங்காய்ச் சத்தத்திலும் உறங்குகிற குழந்தை, நிசப்தத்திலும் உறங்க முடியாத நான். இவளால்தான் எனக்குத் தூக்கமில்லை என்று அதற்கு மேல் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அப்படித் தெரிந்தும் மார்ச் முதல் வாரம் வரை மருத்துவரிடம் போகவில்லை. போனபோது ஒரு தாளைக் கொடுத்தார்கள். 1987-இல் உருவான எடின்பரோ அளவீடு. பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், கடந்த ஏழு நாளைப் பற்றியவை. ஏழாவது கேள்வி தூக்கத்தைப் பற்றியது. நான் படித்த வேகத்தில், "பிள்ளை அழுகிறது, அதனால் தூக்கமில்லை, இது என் குறையன்று" என்று நினைத்து, இல்லை என்பதில் அடையாளமிட்டேன். தாளை வாங்கிய தாதி அந்தக் கேள்வியின் மேல் விரலை வைத்து, "மறுபடி படிங்கம்மா" என்றார். நீங்கள் தூங்கினீர்களா என்று அது கேட்கவில்லை. மகிழ்ச்சியில்லாமல் இருந்ததால் தூங்கச் சிரமப்பட்டீர்களா என்று கேட்கிறது. பேனாவால் எழுதியிருந்ததால் அழிக்க முடியவில்லை. அடித்துவிட்டு இரண்டு கட்டம் தள்ளி அடையாளமிட்டேன். கூட்டிப் பார்த்தால் 14 வந்தது. 13-ஐ எட்டினாலோ தாண்டினாலோ மனச்சோர்வாக இருக்கலாம், மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று விளக்கினார்கள். அந்தத் தாள் தானாக நோயைத் தீர்மானிப்பதில்லை.

இரத்தமும் எடுத்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குத் தைராய்டு சுரப்பி அழற்சி கண்டு, படபடப்பும் கை நடுக்கமும் தூக்கமின்மையும் வருமாம். எனக்குத் தைராய்டு சரியாக இருந்தது. இரத்தச் சோகை இருந்தது. இரும்புச் சத்துக் குறைந்தாலும் இரவில் கால் குடைந்து தூக்கம் கெடும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

செபராங் ஜெயா சகோதரி, உங்கள் கேள்வியை மறுபடி படித்தேன். "குழந்தை உறங்கிய பிறகும் கண் மூடுவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் நான் மணிக்கட்டைப் பற்றிப் பாடம் எடுத்தேன். கேட்ட நேரத்தையும் இப்போதுதான் கவனித்தேன்: அதிகாலை 4.10.

18 மே 2025, பிற்பகல் 3.10

மாத்திரை வேண்டாம் என்பதற்கும் மருத்துவரே வேண்டாம் என்பதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. தூக்கமின்மைக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவதே மருந்தில்லாத ஒரு சிகிச்சை, அதாவது உறக்கம் பற்றிய எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் ஆலோசனை. எனக்கு அதில் முதலில் சொன்னது, இருபது நிமிடம் போல உறக்கம் வராவிட்டால் கட்டிலை விட்டு எழுந்து வேறிடத்தில் உட்கார வேண்டும், மணி பார்க்கக் கூடாது என்பதுதான். மனச்சோர்வுக்கு மருந்து தேவைப்பட்டாலும், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடியவை உண்டு. எது, எவ்வளவு என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். மாறாக, மருந்துக் கடையில் தாமாக வாங்கும் சளி மாத்திரையைத் தூக்கத்துக்காகப் போட்டுக்கொண்டு குழந்தையைப் பக்கத்தில் படுக்கவைப்பது மிகவும் ஆபத்தானது. இப்படிச் செய்கிறவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்றை வீட்டில் இருப்பவர்கள் படிக்க வேண்டும். பிள்ளை பெற்ற முதல் இரண்டு வாரத்தில் ஒருத்தி தூங்காமலே சுறுசுறுப்பாக இருக்கிறாள், நிறுத்தாமல் பேசுகிறாள், காரணமில்லாமல் சந்தேகப்படுகிறாள், இல்லாதது காதில் கேட்கிறது என்றால், காற்று கருப்பு என்று மந்திரிக்கப் போகாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ஆயிரம் பிரசவத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும் பேறுகால மனப்பிறழ்வு அப்படித்தான் தொடங்கும். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அதே வழிதான். யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால், சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை 15555 என்ற எண்ணில் இருக்கிறது.

20 மே 2025, காலை 8.40

காப்பியைப் பற்றி யாருமே கேட்கவில்லை. பத்தியம் என்று மீனுக்கும் குளிர்ந்த தண்ணீருக்கும் தடை போட்ட எங்கள் வீட்டில், கடுங்காப்பிக்கு மட்டும் தடை இல்லை. பசியாறும்போது ஒரு குவளை, மாலை ஐந்து மணிக்கு ஒரு குவளை. காப்பியில் இருக்கும் காபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் போல ஆகும். அதாவது இரவு பத்து மணிக்கு அரைக் குவளை உள்ளே விழித்துக்கொண்டிருக்கும். மணிக்கட்டில் நான்கு நிமிடம் அழுத்தி அந்த அரைக் குவளையைத் தோற்கடிக்கப் பார்த்திருக்கிறேன். மாலைக் காப்பியை நிறுத்தியது எனக்கு 380 வெள்ளியைவிட அதிகமாக உதவியது.

26 மே 2025, இரவு 8.25

கேள்வி கேட்ட சகோதரி நேற்று எழுதியிருக்கிறார். சுகாதாரக் கிளினிக்கில் அவரும் அந்தப் பத்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதினாராம். மதிப்பெண்ணை இங்கே சொல்ல வேண்டியதில்லை என்று நானே அவரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். நாத்தனார் இப்போது இரவு பத்திலிருந்து ஒரு மணிவரை குழந்தையைத் தம் அறைக்குக் கொண்டுபோய்விடுகிறாராம், நடுவில் பசித்தால் பாலூட்ட மட்டும் கொண்டுவருகிறாராம். அழுத்துவதை நிறுத்திவிடவா என்றும் கேட்டிருக்கிறார்.

நிறுத்த வேண்டாம். காலில் வீக்கமில்லை, காயமில்லை, பிடித்திருக்கிறது என்றால் அழுத்தச் சொல்லுங்கள். பக்கத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. இருந்தாலும் சுண்டுவிரல் பக்கம்.

எங்கள் வீட்டில் இப்போது கணவர் ஷிப்ட் முடிந்து காலை எட்டு மணிக்கு வந்ததும், தாம் உறங்கப் போவதற்கு முன் ஒன்றரை மணி நேரம் குழந்தையை வைத்துக்கொள்கிறார். விடுமுறை நாளாகிய நேற்றுக் குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு வந்து, என் கணுக்காலிலிருந்து நான்கு விரலை அளக்கத் தொடங்கினார். இம்முறை என் கையை எடுத்து, என் விரல்களையே வைத்து. அளந்து முடிப்பதற்குள் நான் உறங்கிவிட்டேனாம். பிறகு அழுத்தினீர்களா என்று கேட்டேன். எதற்கு எழுப்ப வேண்டும் என்று விட்டுவிட்டாராம்.